தேதி இடாத கவிதை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஹாங்காங் மண்ணில் நாம் கூடி மகிழ்ந்த மாலைகளைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் சுவையாக எடுத்துரைத்தார்கள். நாம் கூட முடியாமற்போன காலத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். 2019 ஜூன் தொடங்கி 2020 ஜூலை வரை நீண்ட காலம் அது. அதை நினைக்கும்போதெல்லாம் நான் எழுதிய ஒரு கவிதையும், அதன் பொருட்டு நான் செய்த ஒரு பிழையும் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பிழையை இந்த அவையின் முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

நடந்தவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனப் பெருநிலத்துக்கும் அனுப்ப வழிசெய்யும் சட்டத் திருத்தத்தை எதிர்த்து 2019 ஜூன் 9 அன்று மக்கள் ஊர்வலம் போனார்கள். பத்து இலட்சம் பேர் என்றார்கள் அமைப்பாளர்கள். உச்ச நேரத்தில் 2,40,000 பேர் என்றது காவல்துறை. மூன்று நாள் கழித்துச் சட்டமன்றத்தைச் சுற்றிக் கண்ணீர்ப்புகை எழுந்தது. ஜூலை 21 இரவு, யுன் லாங் ரயில் நிலையத்தில் வெள்ளைச் சட்டை அணிந்த கும்பலொன்று பயணிகளைத் தடி கொண்டு தாக்கியது. நவம்பரில், ஷுங் சுய் பகுதியில் நடந்த மோதலில், எறியப்பட்ட செங்கல் தலையில் பட்டு முதிய துப்புரவுத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அம்மாதம் 24ஆம் நாள் நடந்த மாவட்ட மன்றத் தேர்தலில் 71 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 18 மன்றங்களில் 17 ஜனநாயக அணியினர் வசமாயின.

இவற்றுக்கு நடுவே, அக்டோபர் 5 அன்று முகமூடித் தடை வந்தது. 1922ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து அதன்கீழ்ப் பிறப்பித்த ஆணை அது. பேரணிகளில் முகத்தை மூடி நிற்போருக்கு ஓராண்டு வரை சிறை. கண்ணீர்ப்புகைக்கும் அடையாளம் காணப்படுவதற்கும் அஞ்சி முகத்தை மூடியவர்கள் உண்டு. கல்லெறியும் கைக்கு உரிய முகத்தை மறைக்க மூடியவர்களும் உண்டு. ஒரே துணி இரண்டையும் செய்தது.

2020 ஜனவரி 23 அன்று முதல் கொரோனா நோயாளிகள் உறுதிசெய்யப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் சார்ஸ் நோய்க்கு 299 பேரைப் பறிகொடுத்த நகரம் இது. அரசு சொல்லும்வரை காத்திராமல் மக்கள் தாமே முகக்கவசம் அணிந்தார்கள். அதை வாங்க இரவெல்லாம் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். மார்ச் 29 முதல் பொது இடங்களில் நால்வருக்கு மேல் கூடலாகாது என்றானது. தலைவர் ஒருவர், கவிஞர் இருவர், கேட்பவர் ஒருவர். அதற்கு மேல் கவியரங்கத்துக்கு இடமில்லை என்று நாம் சிரித்துக்கொண்டோம். பிறகு கணினித் திரையில் கூடினோம். ஜூன் 30 அன்று தேசியப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜூலை 15 முதல் பேருந்திலும் ரயிலிலும் முகக்கவசம் கட்டாயமாயிற்று. அம்மாத இறுதிக்குள் எல்லாப் பொது இடங்களிலும். முகத்தை மூடியதற்காகச் சிறை என்ற ஊரில், பத்து மாதத்துக்குள், முகத்தை மூடாததற்காக அபராதம். 2020 டிசம்பர் 21 அன்று இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தடையும் செல்லும் என்றது. இரண்டு விதிகளும் ஒருங்கே உயிரோடிருந்தன.

இனி என் கவிதைக்கு வருகிறேன். தடை வந்த வாரத்தில் ஒருநாள், ரயிலில் எனக்கெதிரே பள்ளிச் சீருடை அணிந்த சிறுமி ஒருத்தி, கறுப்பு முகமூடியை அவசரமாகக் கழற்றிப் பாடப்புத்தகத்தின் நடுவில் வைத்து மூடினாள். அவளுடைய முகத்தில் இருந்த அச்சத்தை அன்றிரவே எழுதினேன். தேதி இடவில்லை, ஊர் குறிக்கவில்லை. கவிதை காலத்தைக் கடந்து நிற்க வேண்டும் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

2020 ஜூலையில் திரைவழிக் கூட்டத்தில் அதை வாசித்தேன். நண்பர் ஒருவர் நெகிழ்ந்து பாராட்டினார். நோய்க்காலக் கட்டுப்பாடுகளுக்குள் அடங்காத குழந்தைமையை இக்கவிதை அருமையாகக் காட்டுகிறது என்றார். அவர்மீது குற்றமில்லை; கவிதையில் வேறு குறிப்பில்லை. சட்டம் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. “நன்றி” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒலிவாங்கியை அணைத்தேன்.

அந்தச் சிறுமியின் அச்சத்தை எடுத்து வேறோர் அச்சத்துக்குக் கொடுத்துவிட்டேன், அன்பர்களே. எவரும் என்னை மிரட்டவில்லை. அந்தத் தவறான பொருள் எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

இதே ஜூலையில் உணவகங்கள் சில, சுவரில் ஒட்டியிருந்த வண்ணச் சீட்டுகளை அகற்றின. 2014இன் குடை இயக்கத்தில் தொடங்கி, 2019இல் சுரங்க நடைபாதைகளெங்கும் பரவிய ‘லெனன் சுவர்’ சீட்டுகள் அவை. எழுதிய சீட்டுகளை எடுத்த இடத்தில் சிலர் எழுதாத சீட்டுகளை ஒட்டினார்கள். ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் பார்த்தவர்கள் எல்லாரும் படித்தார்கள். அது எந்த மாதம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததால் படித்தார்கள். மாதத்தை நீக்கிவிட்டால் அது வெறும் தாள்.

உருவகம் நமக்குக் கைவந்த கலை. முகமூடி என்றதும் நூறு உவமைகள் ஓடி வரும். இந்நகரத்திலோ அச்சொல் அக்டோபரில் ஒன்றாகவும் ஜூலையில் மற்றொன்றாகவும் பொருள்பட்டது. அது எந்த நாளின் முகமூடி என்பதைச் சொல்லாத கவிதை, படிப்பவரின் வசதிக்கேற்ப வளையும். எழுதியவனின் வசதிக்கும் வளையும். என்னுடையது வளைந்தது.

யாரையும் வீரராகச் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. இவ்வட்டத்தில் எல்லாக் கருத்தினரும் இருக்கிறோம். தேதி எந்தக் கட்சியையும் சேர்ந்ததன்று. எழுதிய நாளையும் ஊரையும் கவிதையின் அடியில் ஒரு வரியாகக் குறியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இந்த மலரில் என் கவிதையும் வெளியாகிறது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அடியில் மட்டும் ‘ஹாங்காங், அக்டோபர் 2019’ என்று எழுதிப் பதிப்பாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன்.