பூட்டிய பீரோவும் படிக்கும் குழந்தையும்

(ஆசிரியர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தொடக்கப் பள்ளியில் குழந்தைகளைப் படிக்கப் பழக்குவது குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். படிப்பு என்றதும் எழுத்துக் கூட்டுவதையே நாம் நினைக்கிறோம். அது வேண்டியதுதான். 247 எழுத்து என்னும் கணக்கு பெரியவர்களுக்கு எளிது. ஆறு வயதுக் குழந்தைக்கோ மலைப்பைத் தருவது. ‘கொ’ என்னும் ஓரெழுத்தில் முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால். முதலில் கண்ணில் படும் குறியைப் பின்னர் ஒலிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு ஆசிரியரின் பொறுமையே மருந்து.

ஆயினும் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளையெல்லாம் படிக்கும் பிள்ளை ஆகிவிடுவதில்லை. பாடத்தை மளமளவென்று ஒப்பிக்கும் சிறுவனை, அதே பக்கத்தில் கீழிருந்து மூன்றாம் வரியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். பல சமயம் விரல் ஓரிடத்திலும் வாய் வேறோரிடத்திலும் இருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்து மனப்பாடப் பயிற்சியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எனினும் மனப்பாடம் வேறு, வாசிப்பு வேறு.

மற்றொரு தடையும் உண்டு. குழந்தை வீட்டில் பேசும் தமிழ் ஒன்று. அச்சில் காணும் தமிழ் மற்றொன்று. ‘அப்பா வந்துட்டாரு’ என்று துள்ளும் குழந்தை, ‘தந்தை வந்துவிட்டார்’ என்பதைக் கூட்டி முடித்தாலும் அது தன் வீட்டுச் செய்தியே என உடனே உணர்வதில்லை. அச்சுத் தமிழ் அதன் காதில் விழுந்து பழகவில்லை. விடியுமுன் களை பறிக்கச் செல்லும் தாய்க்குக் கதை படித்துக் காட்ட நேரம் ஏது? ஆகவே ஆசிரியரின் வாயே அக்குழந்தைக்கு முதற் புத்தகம். நாள்தோறும் பத்து நிமிஷம், கேள்வி கேளாமல், பொருள் எழுதச் சொல்லாமல், ஒரு கதையைச் சுவையோடு படித்துக் காட்டுங்கள். பின் அதே புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுங்கள். கேட்ட கதையாதலால் அடுத்த சொல் எதுவென மனம் ஊகிக்கும். அது சரிதானா என்று கண் எழுத்தைத் தேடும். விருப்பத்தோடு படிப்பது இவ்வாறே தொடங்குகிறது.

புத்தகத்துக்கு எங்கே போவது என்பீர்கள். அரசு வழங்கியே வருகிறது. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக அமைந்தவை. ஆனால் பள்ளிக்கு வந்த நூல்கள் பல இடங்களில் பீரோவுக்குள் உறங்குகின்றன. தலைமையாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருப்புப் பதிவேட்டில் நூறு என்றிருந்தால் நூறையும் காட்ட வேண்டியவர் அவர். ஒன்று தொலைந்தால் விளக்கம் கேட்கிறோம். நூறும் படிக்கப்படாமற் கிடந்தால் எவரும் கேட்பதில்லை!

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்கள் ஊர் ஊராகச் சென்றன. அன்றைய வண்டிப் பாதையில் குலுங்கிச் சென்ற நூல்கள் புதுமெருகு குலையாமல் இருந்திருக்குமா? இன்று புத்தகம் பள்ளிக்கே வந்துவிட்டது. பீரோவிலிருந்து வகுப்பறை வரையுள்ள பத்தடி தூரந்தான் கடக்கப்படாமல் இருக்கிறது.

ஊராட்சி உறுப்பினர்களிடம் நாம் வேண்டுவது பெருந்தொகையன்று. ஆண்டுதோறும் சில நூல்கள் கிழியும், சில தொலையும் என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக எழுதி வையுங்கள். ஈடாகப் புதியன வாங்க ஊரில் நன்கொடை திரட்டுங்கள். விதைக்கும்போது பறவைக்குப் போவதையும் சேர்த்துத்தானே உழவர் விதைக்கிறார்? ஊர் துணை நிற்கிறது என்று தெரிந்தால் தலைமையாசிரியருக்குப் பீரோவைத் திறக்கத் துணிவு வரும்.

சில பள்ளிகளில் சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். செலவு இரண்டு ஆணியும் ஒரு கயிறுமே. வெள்ளிக்கிழமை மாலை நூலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பித் திங்கட்கிழமை வாங்கலாம். எடுத்த நூலின் பெயரைக் குழந்தையே நோட்டில் எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் அந்த நோட்டில் மட்டும் திருத்த வேண்டாம். இரண்டு நாள் வீட்டிலிருக்கும் புத்தகத்தைப் பாட்டி படிக்கச் சொல்லிக் கேட்பாள், தம்பி பிடுங்குவான், ஒரு தாள் கிழியவும் கூடும். ஒட்டுவதற்குச் சிறிது கஞ்சிப் பசையும் மெல்லிய காகிதமும் போதும்.