வானம் பொது, எச்சரிக்கையும் பொதுவாகட்டும்

(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

விண்வெளியைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். கூரை ஒழுகும் வீட்டில் வாழ்வோருக்கு விண்வெளி எதற்கு என்று சிலர் வினவலாம். கூரை ஒழுகுவோருக்கே அச்செய்தி முதலில் தேவை என்பது நம் விடை.

1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் அருகே கரையேறிய புயல், தமிழகத்தின் உட்பகுதியைக் கடந்து மேற்கே சென்றது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டில், அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த நம் வேடசந்தூர்ப் பகுதியின் குடகனாற்று அணையும் பெருவெள்ளத்தில் உடைந்தது. மின்சாரம் தடைப்பட்டதால் மதகுக் கதவுகளை முழுமையாக உயர்த்த இயலவில்லை. கையால் உயர்த்த முயன்றும் பயனின்றி, நீர் கரைமேல் வழிந்து, கரையை அரித்துப் பல இடங்களில் உடைத்தது. அந்நாளில் புயலைக் கண்காணிக்க இந்தியாவுக்கெனச் செயற்கைக்கோள் இல்லை. இன்சாட் வரிசையின் முதற்கோள் 1982 இல்தான் ஏவப்பட்டது.

நாற்பத்தோர் ஆண்டுகள் கழிந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல், டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை அழித்துவிட்டு, நம் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியே மேற்கே சென்றது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்தன. ஆயினும், அப்புயல் கடலில் உருவான நாள் முதல் இன்சாட்-3டி, இன்சாட்-3டிஆர் என்னும் கோள்கள் அதனை நோக்கியவண்ணம் இருந்தன. எண்பதாயிரத்தை ஒட்டிய மக்கள் முன்னதாகவே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். மாண்டோர் அறுபதை ஒட்டினர். ஓர் உயிரும் சிறிதன்று. எனினும் முன்னறிவிப்பின் பயனை இவ்விரு எண்களும் உரைக்கின்றன அன்றோ?

இப்பயன் ஒரு நாட்டின் முயற்சியால் மட்டும் விளைந்ததன்று. ‘கஜா’ என்ற பெயரே இலங்கை வழங்கியது. இக்கடலைச் சூழ்ந்த நாடுகள் பெயர்களை முன்மொழிய, டில்லியிலுள்ள வட்டார வானிலை மையம் அவற்றைச் சூட்டுகிறது. எல்லையில் முரண்படும் நாடுகளும் அம்மையத்தின் புயல் அறிவிப்பைப் பெறுகின்றன. பேரழிவு நேர்ந்த நாட்டுக்குச் செயற்கைக்கோள் படங்களை விலையின்றி வழங்கும் பன்னாட்டு உடன்பாடு ஒன்று 2000 இல் செயலுக்கு வந்தது. 2001 இல் இந்தியாவும் அதில் இணைந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அந்த ஏற்பாடு நம் கரைக்கும் உதவியது. 2007 இல் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம், பின்னர் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கும் செய்தி வழங்கும் நிலைக்கு உயர்ந்தது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை 1967 இல் நடைமுறைக்கு வந்த விண்வெளி ஒப்பந்தம். விண்வெளி மனித குலம் முழுமைக்கும் உரியது. எந்த நாடும் அதற்குப் பட்டா போட்டுக்கொள்ள இயலாது. அணு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் நிறுத்தலாகாது என்று அது கூறுகிறது. எனினும் அமெரிக்காவும் உருசியாவும் சீனாவும், 2019 இல் நம் இந்தியாவும், தத்தம் செயற்கைக்கோளைத் தாமே தாக்கி அழித்துச் சோதனை நடத்தியுள்ளன. சிதறும் துண்டுகள் புயலைக் காணும் கோளையும் தாக்கக்கூடும். எனவே விண்வெளியில் அமைதி நிலவுதல் நம் குடிசையின் பாதுகாப்பும் ஆகும்.

தோழர்களே! பொது என்று எழுதப்பட்டதெல்லாம் தானே பொதுவாகிவிடுவதில்லை. மகாடு நகராட்சி 1924 இலேயே சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் நம் மக்களுடன் நடந்து சென்று நீரை அள்ளிப் பருகிய பின்னரே அத்தீர்மானத்துக்கு உயிர் வந்தது. வானத்துக்கும் அவ்வாறே. மேலிருந்து நோக்கும் கோள் ஊரென்றும் சேரியென்றும் பிரித்தறியாது. கீழே உதவி வழங்கும் கைகள் பிரித்தறிகின்றன. 2004 இல் நாகை மாவட்ட நிவாரண முகாம்களில் நம் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஏரி உடையப் போகிறது, ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று தெருத்தெருவாகத் தண்டோரா போடும் வேலை, கூலியும் மதிப்பும் இன்றி நம் முன்னோர்மீது சுமத்தப்பட்டது. 2022 ஆகஸ்டில்தான் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் தண்டோராவைத் தடை செய்யுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஊருக்கெல்லாம் செய்தி சுமந்தவர்களின் தெருவுக்குச் செய்தி கடைசியாக வந்து சேருமானால், அதைவிடக் கொடுமை வேறுண்டோ?

ஆகவே இளைஞர்களிடம் சிலவற்றை வேண்டுகிறோம். வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளின் பொருளைக் கற்று, கல்லாத முதியோருக்கும் கற்பியுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதுங்கள். ஓடைக் கரையிலும் குளத்தின் தாழ்வான புறத்திலும் உள்ள குடிசைகள் எத்தனை, அவற்றில் நடக்க இயலாதோர் எவர், கருவுற்றோர் எவர் என்று மழைக்காலத்துக்கு முன்பே கணக்கெடுங்கள். முகாம் எந்தக் கட்டடத்தில் அமையும், அங்கே நம் மக்களுக்குச் சமமான இடமும் குடிநீரும் உண்டா என்பதைக் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள்.

இயன்றோர் இயற்பியலும் கணிதமும் பயின்று அக்கோள்களை வடிக்கும் கூடங்களுக்கே செல்லுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் ஏற்றி வைத்த விளக்கின் பயன் அதுவே. அன்று சுமத்தப்பட்ட கடமையாகச் செய்தி சொன்னோம். இன்று கற்றறிந்த மனிதர்களாக, உரிமையோடு செய்தி சொல்வோம்.