சொல்ல வேண்டியதை மேலே வையுங்கள்

(சுயதொழில் செய்வோருக்கான வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வியாபாரம் நமக்குப் புதிதல்ல. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் அதே ஆளை ஒரு கம்பெனியின் கூட்ட அறையில் நிறுத்தி, "உங்கள் தொழிலைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்லுங்கள்" என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. சரக்கு நன்றாக இருந்தும், சொல்லத் தெரியாததால் ஆர்டர் கைநழுவிப் போகிறது. அந்த ஆர்டரை நம்பி வேலைக்கு வர இருந்த நாலு குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அது இழப்புதான்.

இதற்குப் பேச்சுத் திறமை அவசியமில்லை. கேட்பவர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதை முதலில், அவர் கண்ணில் படும்படி வைத்தால் போதும். பேச்சு, ஸ்லைடு, நிற்கும் முறை மூன்றுக்கும் இதுவே அடிப்படை.

முதலில் பேச்சின் உள்ளடக்கம். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம், அதாவது அப்பர், தைத்துக் கொடுக்கும் சிறு கூடம் ஒன்றை வைத்திருக்கும் சகோதரர் என்று வைத்துக்கொள்வோம். வட்டிக்குப் போகாமல், லாப நஷ்டத்தில் பங்கு சேரும் முதலீட்டாளரைத் தேடுகிறார். நம்மில் பலர் எப்படித் தொடங்குவோம்? "எங்கள் வாப்பா காலத்திலிருந்து..." என்று ஆரம்பித்து, விஷயத்துக்கு வருவதற்குள் எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார்.

அவர் இப்படித் தொடங்கட்டும்: "தினம் 150 ஜோடி அப்பர் தைக்கிறோம். 250 ஜோடிக்கு ஆர்டர் இருக்கிறது; மிஷின் போதவில்லை. 6 லட்சம் ரூபாய் தேவை. 4 லட்சம் மிஷினுக்கு. 2 லட்சம், கம்பெனியிடமிருந்து பணம் வரும்வரை கூலி கொடுக்க." அரை நிமிடம் ஆகாது. என்ன செய்கிறார், எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்று மூன்றும் வந்துவிட்டன. வாப்பாவின் கதையைப் பிறகு சொல்லலாம். அப்போது அதற்கு மதிப்பும் கூடும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கூடம் ஒரே ஒரு கம்பெனியின் ஆர்டரை நம்பி நடக்கிறது என்றால், அதையும் அவரே சொல்லிவிட வேண்டும். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் இருந்த செய்தி நமக்குத் தெரியும். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். நம் குறையை நாமே சொல்லி, அதைச் சரிசெய்ய என்ன செய்கிறோம் என்றும் சொன்னால், கேட்பவருக்கு நம் மீதி வார்த்தைகளின் மேலும் நம்பிக்கை வரும். அவராகத் தோண்டி எடுத்தால் எல்லாவற்றையும் சந்தேகிப்பார்.

அடுத்தது ஸ்லைடு. முக்கியமானதை அடியில் போடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, தொழிலுக்கு வெளியே இருந்து ஓர் உதாரணம். நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் சென்ற கொலம்பியா விண்கலம் 2003 பிப்ரவரி 1 அன்று தரையிறங்கும் முன் சிதறியது. புறப்பட்டபோது ஒரு நுரைத்துண்டு பெயர்ந்து இறக்கையில் மோதியிருந்தது. கலம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து அதிகாரிகளுக்கு ஸ்லைடுகள் காட்டினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு தைரியம் சொல்வதுபோல் இருந்தது. அதன் அடிவரியில், சின்ன எழுத்தில்தான் முக்கியமான செய்தி: முன்பு சோதித்துப் பார்த்தது 3 கன அங்குலத் துண்டு, இப்போது கணக்கிட்டது 1920 கன அங்குலம். 640 மடங்கு! விபத்துக்கு ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடைத் தனியே எடுத்துக் குறை சொன்னது.

எனவே நம் ஸ்லைடுக்குச் சில விதிகள்:

1. ஒரு ஸ்லைடில் ஒரு செய்தி மட்டும். தலைப்பே அந்தச் செய்தியைச் சொல்லட்டும். "உற்பத்தி விவரம்" என்று போடாமல், "தினம் 100 ஜோடி ஆர்டரை விட்டுவிடுகிறோம்" என்று போடுங்கள்.

2. தொழில் முனைவோர் நடுவே பிரபலமான கை கவாசாகி சொன்ன கணக்கு எளிது: 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 பாயின்ட்டுக்குக் குறையாத எழுத்து. பெரிய எழுத்தில் போட்டால் இடம் போதாது. அதனால் தேவையற்றது தானாகக் கழியும்.

3. தமிழில் தயாரித்தால் யூனிகோடு எழுத்தையே பயன்படுத்துங்கள். பழைய ஃபான்ட்டில் அடித்தது அங்குள்ள கம்ப்யூட்டரில் புரியாத கிறுக்கலாக வரும். ஒரு பிடிஎஃப் நகலையும் பென் டிரைவில் வையுங்கள்.

4. படத்தைவிடப் பொருள் மேல். நீங்கள் தைத்த அப்பரை அவர் கையில் கொடுங்கள். ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் 'பி' எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும். எல்லோருடைய கவனமும் உங்கள் பக்கம் திரும்பும்.

மூன்றாவது, நிற்கும் முறை. பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மற்றதெல்லாம் குரலும் உடலும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் செய்த ஆய்வுகள் விருப்பு வெறுப்பு போன்ற உணர்வுகளைப் பற்றியவை. கணக்கு வழக்குச் சொல்லும் பேச்சுக்கு அது பொருந்தாது. கையில் விஷயம் இல்லாமல் நிமிர்ந்து நின்று பயனில்லை.

ஆனால் கூனி நின்றால் நல்ல விஷயமும் எடுபடாது. பெரியவர் முன் தலை குனிந்து, கைகட்டி நிற்பதை மரியாதையாகப் பழகியவர்கள் நாம். கூட்ட அறையில் அதே நிலை, சொல்வதில் நமக்கே உறுதி இல்லை என்பதுபோல் தெரியும். பணிவை வார்த்தையில் வையுங்கள். முதுகு நேராக இருக்கட்டும். இரண்டு பாதமும் தோள் அகலத்தில் ஊன்றட்டும். கைகள் பாக்கெட்டில் வேண்டாம். திரையைப் பார்த்துப் படிக்காமல் ஆட்களைப் பார்த்துப் பேசுங்கள். மூச்சும் குரலும் அப்போதுதான் சீராக வரும்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. காலர் மைக்கை ஹிஜாபில் மாட்டினால் துணி உரசி இரைச்சல் வரும். கை மைக் கேளுங்கள். நிகாப் அணிபவர்கள் கொஞ்சம் நிதானமாக, வரிக்கு வரி நிறுத்திப் பேசினால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகச் சேரும்.

கடைசியாக, ஒத்திகை. போனில் நேரம் வைத்து, வீட்டாரிடம் மூன்று முறை சொல்லிப் பாருங்கள். முடித்ததும், "நான் என்ன கேட்டேன்?" என்று உம்மாவிடம் கேளுங்கள். அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டால் உங்கள் பேச்சு தயார். சொல்லத் தடுமாறினால் முதல் ஸ்லைடை மாற்றுங்கள்.

பயம் இருப்பது தவறல்ல. ஃபிர்அவ்னிடம் போகும் முன் மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் தடுமாற்றம் நீங்க துஆ கேட்டார்கள். சகோதரர் ஹாரூனையும் துணைக்குக் கேட்டார்கள். நீங்களும் துஆ செய்யுங்கள். கணக்குத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் அழைத்துக்கொண்டு போங்கள். கேள்வி வரும்போது அவர் உதவுவார்.

அடுத்த கூட்டத்திற்கு வருபவர்கள் உங்கள் தொழிலைப் பற்றிய அந்த முதல் அரை நிமிடத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொருவராக நின்று சொல்லிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.