கானுலாவும் கூட்டுணர்வும்

 

ஆண்டு விழாவில் மொழியின் சிறப்பைப் பேசுதல் மரபு. அதனைப் பேச வல்லார் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆகவே நாம், நம் குடியிருப்பின் இளைஞர்கள் அண்மைக் காலத்தில் கண்டுவரும் ஒரு புதுவழக்கத்தைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், நம் பிள்ளைகள் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். அவர்கள் பணிபுரியும் நிறுவனங்களிற் சில, ஊழியர்களைக் கபினிக்கும் பந்திப்பூருக்கும் காட்டுயிர் காண அழைத்துச் செல்கின்றன. மேலாளரும் புதிதாய்ச் சேர்ந்த இளைஞரும் ஒரே ஜீப்பில் அமர்ந்தால் அவர்களிடையே ஒற்றுமை வளரும் என்பது கருத்து. 'டீம் பில்டிங்' என்று இதற்குப் பெயரிட்டுள்ளனர். நம் தந்தையர்க்கு இப்பெயர் தெரியாது, பொருள் தெரியும்.

கபினிக் கரையில் கூட்டம் கூடுவது புதியதன்று. அங்குள்ள காக்கனகோட்டைக் காட்டில்தான் மைசூர் அரசினர் 'கெட்டா' என்னும் யானை பிடிக்கும் முறையைப் பெருவிழாப் போல் நடத்தி விருந்தினர்க்குக் காட்டினர். 1971இல் நடந்ததே இறுதிக் கெட்டா. இன்று அந்நிலத்தின் பெரும்பகுதி அணைநீரின் கீழ்க் கிடக்கின்றது. கோடையில் அந்நீர் வற்றிப் பசும்புல் தளிர்க்குங்கால் யானைகள் கூட்டங் கூட்டமாக வந்து மேய்கின்றன. அரசின் காட்டு விடுதி நிறுவனம் 1980இல் தோன்றியது முதல், பிடிக்க வந்தோர் போய்ப் பார்க்க வருவோர் பெருகினர். இது நன்மாற்றமே.

ஆயின், இக்காடுகளில் ஒற்றுமைக்கு இலக்கணம் தேடுவோர் புலியை நாடுவது சற்று வேடிக்கையாக உள்ளது. புலி தனித்துத் திரியும் விலங்கு. கூடி வாழ்தலைக் காண வேண்டின் செந்நாயைக் காணல் வேண்டும். அதனைப் பந்திப்பூரில் 1976 முதல் 1978 வரை ஆராய்ந்தவர் நெல்லைச் சீமையைச் சேர்ந்த அறிஞர் ஏ. ஜே. டி. ஜான்சிங், சிவகாசிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தமிழர், 2024இல் மறைந்தார். அக்காலத்துக்குச் சில ஆண்டுகள் முன்புவரை செந்நாயைக் கொன்றோர்க்குப் பரிசளிக்கும் வழக்கம் இந்நாட்டில் இருந்ததென்பதை நினைத்தால், அவர் செய்த பணியின் அருமை விளங்கும். வேட்டைக்குச் சென்ற செந்நாய்கள் திரும்பி வந்து, வளையிலுள்ள குட்டிகளுக்கும் தாய்க்கும் தாம் உண்ட இறைச்சியைக் கக்கி ஊட்டுகின்றன. அடர்ந்த புதரில் பிரிய நேரின் சீழ்க்கையொலி எழுப்பி மீண்டும் ஒன்று கூடுகின்றன. கூலி, பதவி உயர்வு ஏதுமின்றியே இவ்வளவும் நடக்கின்றது!

மற்றொன்றையும் கவனிக்கத்தகும். மந்தி மரக்கிளையில் இருக்கும். புள்ளிமான் அதன் கீழே மேயும். உயரத்திலிருந்து பகையைக் கண்ட மந்தி குரலெழுப்பினால், மான் மேய்ச்சலை விட்டு நிமிர்ந்து நிற்கும். குரலெழுப்பியது தன் இனமா, பிற இனமா, பெரிதா, சிறிதா என்று அது ஆராய்வதில்லை.

இங்கேதான் நமக்கு நம் சுரங்கம் நினைவுக்கு வருகின்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் பாறை தானே வெடித்துச் சிதறுவதை நம்மவர் 'ஏர் பிளாஸ்ட்' என்பர். இதனால் மாண்டோர் குடும்பங்கள் இவ்வவையிலும் உண்டு. பாறையில் ஓசை கேட்கின்றதென்று கடைநிலைத் தொழிலாளி சொன்னாலும் அனுபவமுள்ள மேஸ்திரி அதனைப் புறக்கணிக்கமாட்டார். அங்கே உயிர் ஒருவர் காதை ஒருவர் நம்பி இருந்தது.

இனிக் காட்டு ஜீப்புக்கு வருவோம். யானை ஒன்று குட்டியுடன் பாதையோரம் நிற்கின்றது. காது விரிகின்றது, துதிக்கை உயர்கின்றது. 'இன்னும் சற்று நெருங்கு' என்று மேலதிகாரி ஓட்டுநரிடம் சொல்கின்றார். கையில் அன்பளிப்பும் இருக்கின்றது. விதியை மீறினால் பிழைப்பை இழப்பவர் ஓட்டுநர்; சொன்னவரோ மறுநாள் பெங்களூரில் இருப்பார். அவ்வேளையில் பின்னிருக்கை இளைஞன், 'ஐயா, வேண்டாம். திரும்புவோம்' என்று சொல்லக்கூடுமா? சொன்னால் அது செவியேறுமா? நிறுவனத்தார் அறிய விரும்பும் ஒற்றுமை எத்தன்மையது என்பது அந்த ஒரு கணத்தில் வெளிப்பட்டுவிடும். அதற்குப்பின் விடுதியில் நடத்தும் கயிறிழுக்கும் போட்டியும் பரிசளிப்பும் எதற்கு என்று நமக்கு விளங்கவில்லை. ஒலிபெருக்கி வைத்து நள்ளிரவுவரை ஆடுதலைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை.

யானையைக் காணக் கபினிவரை செல்ல வேண்டியதில்லை என்று கூறுவோர் நம் பக்கத்திலேயே உளர். பங்காருப்பேட்டையை அடுத்த காமசமுத்திரச் சிற்றூர்களில் தமிழ்நாட்டு, ஆந்திர எல்லைக் காடுகளிலிருந்து யானைகள் இறங்குகின்றன. ராகியும் தக்காளியும் மிதிபடுகின்றன, மனிதரும் மாண்டிருக்கின்றனர். அங்கே உழவர் தீவட்டியேந்தி, ஊரோடு சேர்ந்து இரவெல்லாம் விழித்திருக்கின்றனர். ஒருவர் கண்ணயர்ந்தால் மற்றவர் வயல் போகும். அவர்களுக்கு யானை காட்சிப் பொருளன்று. ஆயினும் அதனைக் கொல்ல வேண்டுமென்று அவர்கள் எல்லோரும் கேட்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இளைஞர்களே, அடுத்த முறை உங்கள் அலுவலகத்தில் கானுலாவுக்குப் பட்டியல் எழுதும்போது இரண்டு விண்ணப்பங்களை முன்வையுங்கள். ஓட்டுநர் சொல்லே வண்டியில் இறுதிச் சொல் என்று புறப்படுமுன்னரே எல்லோரும் ஒப்புக்கொள்ளட்டும். பயணச் செலவில் ஒரு பங்கைக் காமசமுத்திரப் பக்கத்து உழவர்களின் காவல் விளக்குகளுக்கென ஒதுக்கச் சொல்லுங்கள். நம் சங்கமும் அதற்குத் துணைநிற்கும். செயலாளர் அவர்கள் இங்கேயே அமர்ந்திருக்கின்றார். கூட்டம் முடிந்ததும் அவரிடம் பெயர் கொடுக்கலாம்.