குஞ்சு வாங்கும் முன் கொண்டையைப் பாருங்க

பொய்கையில் செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போறவங்க பள்ளிகொண்டாவில் நிறைய பேர். "சுத்தமான பெருவிடைங்க" என்று சொல்லி யாராவது குஞ்சை நீட்டினால், காசு எடுக்கும் முன் செல்போனை எடுங்க. குஞ்சின் தலையை மேலிருந்து படம் பிடித்து, பெரிதாக்கிப் பாருங்க.

பெருவிடை என்று நாம் சொல்லும் அசிலுக்குக் கொண்டை தட்டையாக, மூன்று சிறு வரிசையாக இருக்கும். பட்டாணிக் கொண்டை என்பாங்க. ரம்பப் பல் மாதிரி ஒற்றை வரிசையாக நின்றால் அது சுத்த அசில் இல்லை, தாராளமா சொல்லலாம். ஆனா பட்டாணிக் கொண்டை இருந்தாலே அசில் என்று நம்பிடாதீங்க. தாய், தகப்பனில் ஒன்றுக்கு இருந்தாலே கலப்புக் குஞ்சுக்கும் அது வந்துவிடும். பெருவிடை விலை கொடுத்து ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இறகு நிறம் சாட்சியே இல்லை. பண்ணைக் கலர் கோழியும் அதே சிவப்பு, கறுப்பில் வருது. கடக்நாத் என்றால் நாக்கையும் தோலையும் பாருங்க, அதுவும் கருமையாக இருக்கணும். கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழி மட்டும் பொரித்த அன்றே தெரிஞ்சிடும். அசிலின் ஒட்டிய, குறைந்த இறகும் நீண்ட கழுத்தும் தெரிய சில மாதம் ஆகும்.

அதனால வாரம் ஒரு படம் எடுத்து வைங்க. பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டுங்க. விற்கிறவரிடம் தாய்க்கோழியைக் காட்டச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.