பெட்டியைப் பிரிக்க வைத்த கணக்கு

நான் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப்பொறியியல் சேர்ந்தேன். முதல் மாதம் பாடம் எதுவும் விளங்கவில்லை. ஊர் திரும்பப் பெட்டி கட்டிவிட்டேன்.

மறுநாள் நிறைச் சமநிலைக் கணக்கு. 100 கிலோ ஈரப்பொருளில் 60 சதவீதம் நீர். உலர்த்தியபின் 20 சதவீதம். வெளியேறிய நீர் எவ்வளவு? பலரும் 40 கிலோ என்றார்கள். பள்ளியில் எங்கள் ஆசிரியை உப்புநீரைக் காய்ச்சிக் காட்டியது எனக்கு நினைவுக்கு வந்தது: "தண்ணிதான் போகும், உப்பு அப்படியே இருக்கும்."

திடப்பொருள் 40 கிலோ மாறாது. இப்போது அது 80 சதவீதம். எனவே மொத்தம் 50. போன நீரும் 50 கிலோ. எழுந்து சொன்னேன். அன்றிரவே பெட்டியைப் பிரித்தேன்.

தேர்வில் வராத செய்முறை அது. தயவுசெய்து, ஆய்வகத்தைப் பூட்டி வைக்காதீர்கள்.