பணி முடிந்த பின் வெளிவர வேண்டிய வடிகட்டி
(விழாவில் நிகழ்த்தப்பெற்ற மருத்துவ விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



எலும்பு கூடியதும் மாவுக்கட்டு அவிழ்க்கப்படுகிறது; புண் ஆறியதும் தையல் பிரிக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரிவதால் அவற்றை எவரும் மறப்பதில்லை. உடலுக்குள் வைக்கப்படும் சில கருவிகளோ, வேலை முடிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகின்றன. பெருஞ்சிரையில் வைக்கப்படும் இரத்தக் கட்டி வடிகட்டி அத்தகைய ஒன்று.

நெடுநாள் படுக்கை, பெரிய அறுவை, எலும்பு முறிவு, புற்றுநோய் முதலியவற்றால் காலின் ஆழ்ந்த சிரைகளில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி பெயர்ந்தால், வயிற்றின் பின்புறமாக மேலேறும் கீழ்ப்பெருஞ்சிரையின் வழியே இதயத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரல் தமனிக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பு பெரிதாயின் உயிருக்கே இறுதியாகும். இதற்கு முதன்மையான மருத்துவம், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், வார்பரின் போன்ற மருந்துகளே. ஆனால் மூளையில் இரத்தக் கசிவு உள்ளவருக்கோ, பெரிய அறுவை அண்மையில் முடிந்தவருக்கோ அம்மருந்து அப்போது ஆகாது. அந்த இடைக்காலத்திற்குக் காவலாகவே வடிகட்டி வைக்கப்படுகிறது.

முற்காலத்தில் அறுவை மருத்துவர்கள் பெருஞ்சிரையையே கட்டிவிடுவதுண்டு. 1967இல் காசி மோபின்-உதீன் குடை வடிவக் கருவியொன்றை அறிமுகம் செய்தார். 1973இல் அமெரிக்க அறுவை மருத்துவர் லாசர் கிரீன்ஃபீல்டு, எண்ணெய்த் துறைப் பொறியாளர் கார்மன் கிம்மெலுடன் சேர்ந்து கூம்பு வடிவ வடிகட்டியைத் தந்தார். கூம்பின் நுட்பம் எளிய கணக்கில் அடங்கியது. அதன் உயரத்தில் 70 விழுக்காடு கட்டியால் நிரம்பினும், குறுக்குப் பரப்பில் 49 விழுக்காடே அடைபடும். எஞ்சிய வழியில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். பின்னர், தலைப்பில் சிறு கொக்கியுடன் திரும்ப எடுக்கத்தக்க வடிகட்டிகள் வந்தன.

எடுக்கத்தக்கது என்பதாலேயே அது எடுக்கப்பட்டுவிடும் என்பதில்லை. இங்கேதான் இடர் தொடங்குகிறது. வாரங்கள் செல்லச் செல்ல வடிகட்டியின் கால்களைச் சிரையின் உட்சுவர் போர்த்துக்கொள்கிறது. கால்கள் சுவரைத் துளைக்கலாம், முறியலாம், முறிந்த துண்டு இதயம் வரை நகரலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் விடுத்த எச்சரிக்கையில், 2005 முதல் தனக்கு வந்த 921 முறையீடுகளைக் குறித்தது. அவற்றுள் 328 வடிகட்டி இடம்பெயர்ந்தவை, 146 பகுதிகள் கழன்று சென்றவை, 70 சிரையைத் துளைத்தவை, 56 முறிந்தவை.

நெடுங்காலக் காவலாகவும் அது முழுப் பயன் தருவதில்லை. 1998இல் வெளியான, 400 நோயாளிகளைக் கொண்ட பிரெஞ்சு ஆய்வில், வடிகட்டி தொடக்க நாட்களில் நுரையீரல் அடைப்பைக் குறைத்தது. ஆயினும் இரண்டாண்டு முடிவில் கால் சிரைகளில் மீண்டும் கட்டி தோன்றியவர்கள் வடிகட்டி வைத்தவர்களில் 20.8 விழுக்காடு, வைக்காதவர்களில் 11.6 விழுக்காடு. இறப்பு எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

எனில் எப்போது அகற்றுவது? இடர் தற்காலிகமானதாயிருந்து அது நீங்கிவிட்டால், வைத்த 29ஆம் நாளுக்கும் 54ஆம் நாளுக்கும் இடையில் அகற்றுவதன் நன்மை மேலோங்கத் தொடங்குகிறது என்று, கணக்கீட்டு முறையிலான ஓர் ஆய்வைக் கொண்டு அதே நிர்வாகம் அறிவித்தது. இஃது அனைவருக்கும் பொதுவான கட்டளையன்று. உறைவுத் தடுப்பு மருந்தை என்றுமே ஏற்க இயலாதவருக்கு வடிகட்டி நிலையாகவே தேவைப்படலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அவரிடம் கேட்க வேண்டியவர் நோயாளி.

அகற்றும் முறை பெரும்பாலும் எளிது. கழுத்தின் வலப்புறச் சிரையில், தோலை மட்டும் மரக்கச் செய்து, மெல்லிய குழாய் செலுத்தப்படும். முதலில் சாயம் செலுத்தி ஊடுகதிரில் வடிகட்டி பார்க்கப்படும். அதில் பெரிய கட்டி சிக்கியிருந்தால் அன்று அகற்றலாகாது. மருந்தால் கட்டி கரையும்வரை காத்திருத்தல் வேண்டும். தடையில்லையெனில், கம்பிக் கண்ணி கொக்கியைப் பற்றும். வடிகட்டியை வெறுமனே மேலே இழுப்பதில்லை. அதன்மேல் உறைபோன்ற குழாய் இறக்கப்பட, குடை மடங்குவதுபோல் வடிகட்டி குழாய்க்குள் சுருங்கும். அதன் பின்னரே வெளியே எடுக்கப்படும். சிரைச் சுவர் காக்கப்படுவது இந்த முறையினால்தான். இறுதியில் மீண்டும் சாயம் செலுத்தி, சிரையில் கிழிசல் உண்டா என்றும், வெளிவந்த வடிகட்டியின் கால்கள் முழுமையாக உள்ளனவா என்றும் பார்க்கப்படும். பலர் அன்றே வீடு திரும்புகின்றனர்.

கொக்கி சாய்ந்து சுவருக்குள் புதைந்திருந்தால் நிலை வேறு. அப்போது வலிந்து இழுப்பது சிரையைக் கிழிக்கும். நிறுத்திவிட்டு, பயிற்சி மிகுந்த நிலையத்திற்கு அனுப்புவதே அறிவுடைமை. அங்கே சிறப்பு இடுக்கி, கண்ணி முறை, லேசர் உறைக்குழாய் ஆகியவை கைகொடுக்கும். இதய முடுக்கியின் கம்பிகளை விடுவிக்கப் பயன்பட்ட இந்த லேசர், ஒட்டிய திசுவை மட்டும் மெல்லப் பிரித்தெடுக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் குவோ குழுவினர் இம்முறையை வளர்த்து, புதைந்த வடிகட்டியுடன் வந்த 500 நோயாளிகளில் 99 விழுக்காட்டிற்கு மேற்பட்டோரிடம் வெற்றி கண்டனர். 2021இல் அமெரிக்காவில் இதற்கென்றே லேசர் கருவி ஏற்பும் பெற்றது. எனவே ஆண்டுகள் பல கடந்துவிட்டன என்று நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பரிசோதித்துக் கேட்டறிதல் வேண்டும்.

ஆயினும் எளிய நாளில் எளிதாக முடிவதை, அரிய நாளுக்குத் தள்ளுவானேன்? மறதிக்குக் காரணம் ஒருவருடைய குற்றமன்று. வைத்தவர் ஒருவர், சேர்த்துப் பார்த்தவர் வேறொருவர், வீடு சென்றபின் மருந்தெழுதுபவர் மற்றொருவர். மூவருக்கும் நடுவே வடிகட்டி கைவிடப்படுகிறது. அதனை நினைவில் வைக்கத் தகுந்தவர் நோயாளியும் அவர்தம் குடும்பத்தாருமே.

ஆகவே மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன் நான்கு வினாக்கள் கேட்கப்பட வேண்டும். வைக்கப்பட்ட வடிகட்டி எந்த வகையினது? அஃது எந்நாளில் வைக்கப்பட்டது? எடுக்கத்தக்கதா, நிலையானதா? எடுக்கத்தக்கதெனில் எவர், எப்போது எடுப்பார்? விடைகளை எழுதி வாங்கி, வீட்டு நாட்காட்டியில் அந்நாளைக் குறித்து வைத்தல் நன்று. முன்னரே வடிகட்டி வைத்துக்கொண்டவர் வீட்டில் இருப்பின், பழைய வெளியேற்றச் சீட்டை இன்றே எடுத்துப் பார்த்து, மருத்துவரிடம் காட்டுக.

உயிரைக் காக்க உள்ளே சென்ற கருவி, அந்தக் கடமை முடிந்ததும் உரிய காலத்தில் வெளிவரும்போதுதான் மருத்துவம் நிறைவு பெறுகிறது. இச்செய்தியை ஒவ்வொருவரும் தம் இல்லத்திற்கும் சுற்றத்திற்கும் எடுத்துச் செல்வார்களாக.